உக்கிரபாண்டி கிணற்றுச் சிப்பிகள்

தரைக்கு மேலே அருஞ்சுனைக்கு மதிப்பு என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் தண்ணீருக்கு அடியில்தான். திருச்சுழிக்குக் கிழக்கே கரண்டு மோட்டார் வந்த புதிதில், கிணற்றுக்குள் மோட்டார் குழாயின் அடிமுனையில் கிடக்கும் புட்வால்வில் சேறு அடைத்துக்கொண்டால் அவனுக்குத்தான் ஆள் வரும். யாராவது ஒருவன் சைக்கிளில் வந்து வாசலில் மணியடிப்பான். இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிக்கொள்வான். பாலவனத்தத்திலிருந்துகூட வந்து கூட்டிப்போயிருக்கிறார்கள். நாற்பது அடி ஆழத்தில் கண்ணால் ஒரு பயனும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் தடவியே மறையைக் கழற்றி, சேற்றை வழித்து, திரும்ப மாட்டிவிட்டு மேலே வரவேண்டும். மற்றவர்கள் மூன்று தடவை முங்கிச் செய்வதை அவன் ஒரே தடவையில் முடிப்பான். அவனைப் பற்றி ஊரில் சொல்ல இருந்தது இவ்வளவுதான். நல்லவன் என்று யாரும் சொல்லவில்லை. கெட்டவன் என்று சொல்லக் காரணமும் இல்லை. முப்பத்தெட்டு வயதுவரை அவனும் தன்னைப் பற்றி இதற்கு மேல் யோசித்ததில்லை.

1967 சித்திரையில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய சுப்புராஜுக்கு முப்பது வயது இருக்கும். அருப்புக்கோட்டையில் பஞ்சு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. கடையை விட்டுவிட்டு மதுரையில் ஒரு கல்லூரியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பழைய காலத்தில் கடல் எதுவரை நின்றது என்று கண்டுபிடிப்பது அவருடைய வேலை. அதற்காக மன்னார் கடலில் தீவு தீவாக முங்கிப் பார்த்திருக்கிறார். இப்போது தண்ணீருக்குள் இருக்கும் ஒரு குகை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அப்படி ஒன்று இருந்தது உக்கிரபாண்டியின் தோட்டத்துக் கிணற்றில். முப்பதடிக்கு முப்பதடி சதுரம். நீர்மட்டத்திலிருந்து நாற்பதடி கீழே, தெற்குச் சுவரில், ஒரு மாடு நுழையும் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அங்கே பாறை வெள்ளைச் சுண்ணாம்பு. கிணற்றுக்குத் தண்ணீர் வருவதே அந்த வாய் வழியாகத்தான். பக்கத்துக் கிணறுகள் வற்றும் கோடையிலும் அது வற்றியதில்லை. அருஞ்சுனை புட்வால்வுக்காக முங்கும்போது அதற்குள் கையை நீட்டிப் பார்த்திருக்கிறான். உள்ளே போனதில்லை. போகவேண்டிய வேலை இருந்ததில்லை.

சுப்புராஜ் கூடவே கீழக்கரையிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்திருந்தார். காசிம். கடலில் சங்கு குளிக்கிறவர்; நாற்பத்தைந்து வயது, அகலமான நெஞ்சு, ஓயாத வாய். கிணற்று மேட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்ததும், “என்ன மாப்ளே, உரலுக்குள்ள குதிக்கச் சொல்றீக?” என்றார். முறை வைத்துக் கூப்பிட்ட முதல் வார்த்தையிலேயே அருஞ்சுனைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

“உரலுன்னா குத்துப்படாம வரணும் மாமா. பாத்து எறங்குங்க” என்றான்.

உக்கிரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டே சுப்புராஜிடம் கேட்டார்: “குடிக்கத் தண்ணிக்கு ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது. இங்க கடலு இருந்துச்சுங்கிறீகளே, தம்பி, வெயில்ல ரொம்ப நேரம் நிக்கிறீகளோ?”

சுப்புராஜ் சிரித்தார். எரிச்சல்படவில்லை. “அண்ணாச்சி, ஒரு காலத்துல ஒலகம் பூராவும் குளிர். கடல் தண்ணியில ஒரு பங்கு பனிக்கட்டியா ஒறைஞ்சு வடக்கே கெடந்துச்சு. அப்ப கடல் முந்நூறு அடிக்கு மேல கீழ எறங்கிப்போச்சு. ராமேசுவரத்துல இருந்து எலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.”

“பாஸ்போட்டு இல்லாமயா சார்?” என்றார் காசிம்.

“அதுக்கு முன்னாடி இன்னொரு காலம். அப்ப கடல் இன்னைக்கு இருக்கறதவிட ஒசரத்துல நின்னுச்சு. எவ்வளவு தூரம் உள்ள வந்துச்சுங்கிறதுதான் கேள்வி. வெளிய இருக்க தடயத்த மழையும் வெயிலும் அழிச்சிரும். குகைக்குள்ள அப்படியே இருக்கும்.”

முதல் நாள் காசிம் உள்ளே போனார். இடுப்பில் கயிறு, காலுக்குக் கல். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, “உள்ள கல்லு வாழைப்பூ மாதிரி தலகீழாத் தொங்குது” என்றார். மறுபடி போய் ஒன்றை உடைத்து வந்தார். சுப்புராஜ் அதை ஈரத்தோடு கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, ஒவ்வொரு சொட்டும் மயிரிழை அளவு சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போய், ஆயிரக்கணக்கான வருடத்தில் வளர்வது அது என்றார். காற்று இருக்கும் இடத்தில்தான் வளரும். ஆகவே இந்தக் குகை ஒருகாலத்தில் வறண்டு கிடந்திருக்கிறது. நிலத்தடி நீர் இதற்கும் வெகு கீழே இருந்திருக்கிறது. அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் அவர் தேடி வந்தது அது இல்லை. கல்லைத் துணியில் சுற்றி ஜீப்பில் வைத்துவிட்டு, மறுநாள் குகை வாயின் இடது மூலையில் கிடக்கும் வண்டலை அள்ளிவரச் சொன்னார்.

அள்ளிவரப் போனது அருஞ்சுனை. இருட்டில் கைக்குப் பட்டதைத் துணிப்பையில் வாரிப் போட்டுக்கொண்டு வந்தான். கிணற்று மேட்டில் சல்லடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். சேறு கரைந்து போனதும் சல்லடையில் மிச்சம் நின்றது பதினோரு சிப்பிகள். வெள்ளையும் வெளிறிய சிவப்புமாக, உள்ளங்கைக் குழியில் அடங்கும் கடல் சிப்பிகள்.

சுப்புராஜ் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு, சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்த அருஞ்சுனையைச் சட்டை நனைய இறுக்கிக் கட்டிக்கொண்டார். “முப்பது மைல்! கடல் இங்க இருந்து முப்பது மைல்! நீங்க என்ன எடுத்துட்டு வந்திருக்கீகன்னு ஒங்களுக்குத் தெரியுமா?” என்றார்.

அருஞ்சுனைக்குத் தெரியும். அவருடைய தோளுக்கு மேலாகச் சல்லடையைப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

அவனுடைய அப்பா ஆண்டிச்சாமி கிணறு வெட்டும் கூட்டத்துக்குத் தலைவர். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் நடந்து சேதுக்கரைக்குப் போவார்கள். கடலில் குளித்துவிட்டு, அலை ஒதுக்கிய சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். வெட்டும் கிணற்றில் முதல் ஊற்று எங்கே பீறிடுகிறதோ அந்த ஊற்றுக்கண்ணின் இடது ஓரத்தில் பதினோரு சிப்பிகளை வைத்து மண்ணால் மூடுவார்கள். கடல் வற்றாததுபோல இதுவும் வற்றக்கூடாது என்பது நினைப்பு. வைத்ததைக் கூட்டத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது; சொன்னால் ஊற்றுக்கண் அடைத்துவிடும். கிணற்றுக்காரனிடம் மட்டும் உயிர் போனாலும் சொல்லக்கூடாது. இந்தக் கிணறு வெட்டிய வருடம் அருஞ்சுனைக்கு ஒன்பது வயது. வெடி வைத்துப் பாறை உடைந்து குகையின் வாய் திறந்து தண்ணீர் பொங்கிய அன்று அவன் மேலே நின்று பார்த்திருக்கிறான். அதற்கு முந்தைய ஆடியில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சேதுக்கரைக்கு நடந்ததும் அவன்தான். சிவப்புச் சிப்பியாகப் பார்த்துப் பொறுக்கியதும் அவன்தான்.

சொல்லிவிட வாயைத் திறந்தான். இரண்டடி தள்ளி உக்கிரபாண்டி நின்றுகொண்டிருந்தார். “எங்க அப்பா வச்சது” என்று இப்போது சொன்னால், அடுத்த கோடையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கினாலும் பழி தன் தலையில்தான் விழும். அதற்குப் பிறகு எந்தக் கிணற்றுக்கும் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள். இது ஒரு காரணம். ஆனால் இதுவே முழுக் காரணம் என்று அவனாலேயே பின்னால் சொல்ல முடியவில்லை. அவனை அதற்கு முன் எவரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அந்தக் கைகள் விலகட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தான். விலகியதும், சாயந்தரம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தான். சாயந்தரம் சுப்புராஜ் அருப்புக்கோட்டைக்குத் தந்தி கொடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் வேப்பமரத்து நிழலில் சாப்பிடும்போது காசிம் ஒரு சிப்பியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். “சார், எனக்கு ஒரு சந்தேகம். இது சேத்துல செத்த சிப்பி இல்ல. ஓரமெல்லாம் மழுங்கியிருக்கு. அலை உருட்டி உருட்டி வழவழன்னு ஆனது. குகைக்குள்ள ஏது அலை? ஏம் மாப்ளே, ஒங்க ஊரு கெணத்துல அலையடிக்குமா?”

அருஞ்சுனை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இன்னொருவர் பாதி கண்டுபிடித்துவிட்டார். மீதியைச் சொல்வது ஒன்றும் கடினம் இல்லை. அதற்குள் சுப்புராஜ் முந்திக்கொண்டார். “அதேதான் காசிம்! அலை உருட்டியிருக்குன்னா இங்க கரை இருந்திருக்கு. வெறும் கடல் இல்ல, கடற்கரை! நீங்க சொன்னதுதான் பெரிய சாட்சி” என்று நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒன்றை நம்ப முடிவுசெய்துவிட்ட மனத்துக்கு, அதற்கு எதிராக வரும் ஒவ்வொன்றும் துணைக்கு வந்ததாகத்தான் தெரியும். படித்தவர்களிடம் இது கொஞ்சம் கூடுதல்.

அன்று பிற்பகல் அதே மூலையில் இன்னும் தோண்டிப் பார்க்கச் சொன்னார்கள். அருஞ்சுனை இறங்கினான். சேற்றுக்குள் விரலில் வளையமாக ஏதோ தட்டுப்பட்டது. செம்புக் கம்பி. சிப்பிகளை வைத்துச் சுற்றி இடும் காப்பு. அதை மேலே கொண்டுவந்திருந்தால் அவன் வாய் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. கம்பியே சொல்லியிருக்கும். அவன் அதைப் பாறை இடுக்கில் வைத்து, கட்டைவிரலால் உள்ளே தள்ளினான். வளைந்தது. இன்னும் தள்ளினான். மேலே வந்து, “வேற ஒண்ணும் இல்ல சார்” என்றான். அதுவரை அவன் சொல்லாமல் இருந்தவன். அதற்குப் பிறகு மறைத்தவன்.

ஆறு மாதத்தில் சுப்புராஜ் சென்னையில் பெரியவர்கள் கூடிய சபையில் பேசினார். பத்திரிகையில் அரைப் பத்தி வந்தது. சிப்பிகளில் நாலைத் தூள் செய்து வயது கணிக்கப் பம்பாய்க்கு அனுப்பியிருப்பதாகவும் எழுதியிருந்தது. திருச்சுழி டீக்கடையில் மொக்கையன் அதைச் சத்தமாக வாசித்தான்: “‘அருஞ்சுனை என்னும் உள்ளூர் முக்குளிப்பவர்...’ ஏலே, ஒம் பேருல்லா! எந்திரிச்சு நில்லுலே, பாப்போம்!” கடை முழுக்கச் சிரித்தது. அருஞ்சுனை டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தான். தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

அடுத்த கோடையில் சுப்புராஜ் மறுபடி வந்தார். இம்முறை ஐந்து பேர், முதுகில் கட்டும் காற்று உருளைகள் இரண்டு, தண்ணீருக்குள் எரியும் விளக்கு. குகை உள்ளே சரிந்துகொண்டே போகிறது. நூறடி ஆழத்துக்கு இறங்குகிறது. வாயில் கிடைத்த சிப்பிகள் ஆழத்திலும் கிடைத்தால் யாரும் மறுக்க முடியாது என்றார். வயது சொல்லிப் பம்பாயிலிருந்து கடிதம் இன்னும் வரவில்லை. அதற்கு முன்பே கையில் நிறையச் சான்று இருக்கட்டும் என்பது அவர் அவசரம்.

காசிமுக்கு ஒரு வாரம் உருளையில் பழக்கம் கொடுத்தார்கள். வாயில் ரப்பரைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்து, “அடேயப்பா! கடலுக்குள்ள பீடி குடிக்கக்கூட நேரமிருக்கு மாப்ளே!” என்றார். கடைசி நாள் அவருக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கு அடைத்து, பேச்சே மாறியிருந்தது. சங்கு குளிக்கிறவர்களுக்குச் சளியோடு ஆழத்துக்குப் போகக்கூடாது என்று தெரியும்; காசிமின் இடது காது அப்படி ஒரு நாளில்தான் ஏற்கெனவே மந்தமாகியிருந்தது. ஆனால் மறுநாள் உருளைகளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

“முடியலன்னா வேண்டாம் காசிம்” என்றார் சுப்புராஜ். மனத்தோடுதான் சொன்னார். ஆனால் முகம் வேறு சொன்னது.

“ஒரு தடவ போயிட்டு வந்திர்றேன் சார். ஒங்க கடல நானே தூக்கிட்டு வந்து தாரேன்.”

கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு அருஞ்சுனைக்கு. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் வெளியே இழு. காசிம் படியில் உட்கார்ந்து முதுகு வாரை இறுக்கிக்கொண்டிருந்தபோது, அருஞ்சுனை குனிந்து அவர் வலது காதருகே, “மாமா, போகாதீக. உள்ள ஒண்ணுமே கெடயாது” என்றான்.

காசிம் நிமிர்ந்து பார்த்தார். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

கேட்ட கேள்விக்குப் பதில் ஒரே வாக்கியம். உக்கிரபாண்டி அன்று ஊரில்கூட இல்லை. தடுக்க யாரும் இல்லை. ஆனால் இப்போது சிப்பியைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. கம்பியைப் பற்றியும், ஒரு வருடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும்.

“எனக்கு அப்படித் தோணுது” என்றான்.

“போ மாப்ளே, நீ எடுத்தது போக எனக்கு நாலு மிச்சம் வச்சிருக்க மாட்டியா?” என்று சிரித்துவிட்டுக் காசிம் முங்கினார்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. முப்பதடி, அறுபதடி. ஒரு இழுப்பு வந்தது. பிறகு கயிறு நின்றது. பிறகு எந்தக் கணக்கிலும் சேராமல் வெட்டி வெட்டி இழுத்தது. அருஞ்சுனை கத்திக்கொண்டே கயிற்றை வலித்தான். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். காசிம் மேலே வந்தபோது மூக்கிலும் வலது காதிலும் இரத்தம். கண் நிற்காமல் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. “எது மேல, எது கீழன்னு தெரியல மாப்ளே” என்றார். அந்த நிலையிலும் இடது கையை விரித்துக் காட்டினார். நிறையச் சேறு. சேற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

வலது காது கிழிந்து சீழ் வைத்தது. பிறகு அதில் சத்தமே இல்லை. இடது காதில் வாயை வைத்துப் பேசினால் மட்டும் கொஞ்சம் கேட்கும். நின்றால் தலை சுற்றியது. அதன் பிறகு அவர் கடலில் இடுப்புக்கு மேல் இறங்கவில்லை.

பம்பாய்க் கடிதம் 1969 தையில் வந்தது. சுப்புராஜ் ஜீப்பில் வரவில்லை. பஸ்ஸில் தனியாக வந்தார். அருஞ்சுனை வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: “சிப்பி புதுசாம். நூறு எரநூறு வருசத்துக்கு மேல இருக்காதாம். அது எப்படி அருஞ்சுனை? ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அன்று அவன் எல்லாவற்றையும் சொன்னான். சேதுக்கரை, அப்பா, கம்பி. சொல்லும்போது அழவில்லை, அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

“நான் ஒங்கள ஒரு தடவகூடக் கேக்கலயே” என்றார் சுப்புராஜ். “கெணறு வெட்டுனது யாரு, வெட்டும்போது என்ன செஞ்சாங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா...” பிறகு குரல் மாறியது. “எழுதுனத நான் திருப்பி வாங்கிக்கிறேன். தப்புன்னு நானே எழுதிர்றேன். என்னோட அவமானம் என்னோட போகட்டும். அந்தத் தொங்குற கல்லு இருக்கு, அதுல வேலை பாத்துக்கிறேன். ஆனா காசிம்கிட்ட நான் போயிச் சொல்ல மாட்டேன். அத நீங்கதான் சொல்லணும்.”

“சரி சார்.”

சரி என்றானே தவிர நாலு வருடம் போகவில்லை. பயணத்துக்கு ஏழெட்டு ரூபாய் இல்லை என்று சொல்ல முடியாது. ராமநாதபுரத்துக்குப் பஸ் இல்லை என்றும் சொல்ல முடியாது. விதைப்புக்குப் பிறகு என்பான். அறுப்புக்குப் பிறகு என்பான். இதற்கிடையில் முங்குவதையும் நிறுத்திவிட்டான். புட்வால்வுக்கு ஆள் வந்தால் வேறு ஒருவனைக் கைகாட்டிவிட்டுக் கூலிக்குக் களையெடுக்கப் போனான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. அவனுடைய பெண்டாட்டி அழகுத்தாய் ஒருநாள் கரண்டியால் சட்டியைத் தட்டினாள்: “காது போனது அந்தப் பாய்க்கா, இல்ல ஒனக்கா? எத்தன தடவ கத்துறேன்! ஒண்ணு போயிச் சொல்லிட்டு வா, இல்ல மறந்துட்டுச் சோத்தத் தின்னு. நடுவுல நின்னுக்கிட்டு எங்க உசுர வாங்காத!”

1973 பங்குனியில் போனான்.

கீழக்கரையில் காசிம் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். பீடி, வெற்றிலை, சோப்பு, மிட்டாய். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் யாரோ இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். அருஞ்சுனையைப் பார்த்ததும் எழுந்தார். தலை சுற்ற, கடைத் தூணைப் பிடித்துக்கொண்டார். “மாப்ளே! திருச்சுழிக் கடலு எப்படி இருக்கு?” தெருவே திரும்பிப் பார்த்தது. வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: “நான் சொல்லல? அந்தக் கெணத்துல என்னோட முங்குன ஆளு இவருதான். கேட்டுக்கிடுங்க, கடலுக்குப் பக்கத்துல பொறந்து சங்கு எடுத்தவன் ஆயிரம் பேரு. கடலே இல்லாத ஊருல கடல எடுத்தவன் இந்தக் காசிம் ஒருத்தன்தான். சும்மாவா? ஒரு காதக் குடுத்துல்ல எடுத்தேன்!”

அருஞ்சுனை வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகளில் இதற்கு இடமே இருக்கவில்லை. அவர் இடது காதருகே போய், “மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றான்.

“கேக்கல மாப்ளே. ஒனக்கு எப்பவுமே குரலு கிணத்துக்குள்ள. அவகிட்டச் சொல்லு. அவ சொன்னாத்தான் எனக்கு ஏறும்” என்று உள்ளே இருந்த மனைவியைக் காட்டினார்.

ரசூல் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். கடைக்கு வந்திருந்த இருவரும் பீடி பற்றவைக்கத் தள்ளிப் போனதும், அருஞ்சுனை அவளிடம் சொன்னான். முன்பு சுப்புராஜிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகவும், ஒளிக்காமலும். அன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு தான் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னான். அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

“என்னங்கிறான்?” என்றார் காசிம்.

அவள் குனிந்து அவருடைய இடது காதில் வாயை வைத்தாள். “ஒங்களப் பாக்காம இருக்க முடியலயாம். அதான் வந்தேங்கிறாரு.”

காசிமின் முகம் மலர்ந்தது. “பாரு! எம் மாப்ளே!”

ரசூல் பீவி நிமிர்ந்தாள். கணவருக்கு மூன்றடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் பேசினாள்: “தம்பி, இவுக ரெண்டு வருசம் சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக் கெடந்தாக. சோறு ஊட்டுனாத்தான் உண்டு. அப்புறம் ஒருநாளு பக்கத்து வீட்டுக்காரரு வந்து அந்தக் கெணத்தப் பத்திக் கேட்டாரு. அன்னைக்குத்தான் எந்திரிச்சு உக்காந்தாக. இந்தக் கதையப் புடிச்சுக்கிட்டுத்தான் இவுக நடந்து கடைக்கு வாராக. காத எடுத்துக்கிட்டீக. இதையும் எடுத்துக்கிட்டுப் போறதுக்கா வந்தீக?”

“சாரு சொல்லச் சொன்னாரு அக்கா. நாலு வருசமா... என்னால முடியல.”

“ஒங்களால முடியல. அதுக்காக ஒங்க பாரத்த எறக்கி வைக்க எங்க கடைதானா கெடச்சுச்சு?” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “எங்கிட்டச் சொல்லிட்டீக. போதும். இவுக காதுக்குள்ள இது போகாது. நான் போட மாட்டேன்.”

தன் குற்றத்தை ஒப்புக்கொள்வது காசிமுக்குச் செய்யும் கடமை என்றுதான் அருஞ்சுனை அதுவரை நம்பியிருந்தான். அந்தக் கடமைக்குள் தன்னுடைய ஆறுதல் எவ்வளவு இருந்தது என்று அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவள் செய்ததும் சரிதானா என்று அவனுக்கு அன்றும் விளங்கவில்லை, பின்னாலும் விளங்கவில்லை. ஒரு மனிதன் தனக்கு என்ன நடந்தது என்று அறியாமலேயே சந்தோஷமாக இருக்கிறான். அதைக் காவல் காப்பவள் அவனை யாரையும்விட நன்றாக அறிந்தவள். இதில் வெளியாள் வந்து எதைத் திருத்துவது?

பீடியை முடித்துத் திரும்பி வந்த இருவரில் ஒருவர் சந்தேகக்காரர். அவர் அருஞ்சுனையைப் பார்த்துக் கேட்டார்: “இவரு அளக்குறது எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லுங்க. நெசமாவே அந்தக் கெணத்துல கடல் சிப்பி இருந்துச்சா?”

காசிமுக்குக் கேள்வி காதில் விழவில்லை; ஆனால் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அருஞ்சுனையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசூல் பீவியும் பார்த்தாள்.

“இருந்துச்சு” என்றான் அருஞ்சுனை.

“எம்புட்டு?”

“பதினொண்ணு. நாந்தான் எடுத்தேன்.”

அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. காசிம் தொடையைத் தட்டிச் சிரித்தார். டீ வாங்கிவரச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை அருஞ்சுனையின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பங்குனியிலும் அவன் கீழக்கரைக்குப் போய்வந்தான். காசிம் கூப்பிட்டு அனுப்புவார், போகாவிட்டால் கோபித்துக்கொள்வார். 1978 வரை ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் கடையில் புதிதாக யாராவது இருப்பார்கள், யாராவது கேட்பார்கள். இருந்துச்சு என்பான். அந்தச் சொல் வரும் நேரம் பார்த்து ரசூல் பீவி எழுந்து கடைக்கு உள்ளே போய்விடுவாள்.